வரி விலக்குக்கும் கணக்கு உண்டு

வரி என்ற சொல்லைக் கேட்டாலே வியாபாரிக்கு வாய் கசக்கும். நானும் வியாபாரிதான். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடித் தில்லிக்கு வந்தவன். சதர் பஜாரை ஒட்டிய டிப்டி கஞ்சில் எவர்சில்வர் பாத்திரம் மொத்த வியாபாரம் செய்கிறேன். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கடை அடைத்த பிறகு படிக்கும் கல்வெட்டுத் தொகுதிகளும் பழைய பட்ஜெட் உரைகளும்தான் எனக்கு வாத்தியார்கள்.

தமிழர்கள் நாலு பேர் கூடினால், பிப்ரவரி மாதத்தில் ஒரு வாக்குவாதம் தவறாமல் கிளம்பும். ஒரு கட்சி சொல்லும்: "கம்பெனிகளுக்கு வரியைக் குறையுங்கள், முதலீடு வரும், வேலை வரும்." இன்னொரு கட்சி சொல்லும்: "அந்தப் பணத்தை ஏழை பாழைகளுக்குச் செலவு செய்யுங்கள், அது கடைத்தெருவுக்குத்தானே திரும்பி வரும்?" முதல் கட்சிக்காரர் இரண்டாவதை "இலவசம்" என்று கேலி பேசுவார். இரண்டாம் கட்சிக்காரர் முதலாவதைப் "பணக்காரனுக்குச் சலுகை" என்று ஏசுவார். காபி ஆறிப்போகும். முடிவு மட்டும் வராது.

இந்த வழக்கு இன்று நேற்று வந்ததல்ல. பழைய ஏடுகளைப் புரட்டினால், இரு கட்சிக்காரரும் கேட்க மறந்த மூன்றாவது கேள்வி ஒன்று அங்கே கிடக்கிறது. விட்டுக் கொடுத்த வரியும் ஒரு செலவுதானே, அதற்குக் கணக்கு எங்கே? இக்கட்டுரை அந்தக் கேள்வியின் வரலாறு.

கல்லில் எழுதிய விலக்கு

எங்கள் பக்கத்து மலைகளில் உள்ள சமணக் கல்வெட்டுகளில் "பள்ளிச்சந்தம்" என்ற சொல் அடிக்கடி வரும். சமணப் பள்ளிக்கு என்று விடப்பட்ட நிலம் அது. பிரமதேயம், தேவதானம் போல இதற்கும் பெரும்பாலும் "இறையிலி", அதாவது வரி நீக்கம் உண்டு. இன்றைய பாஷையில் சொன்னால் வரி விலக்கு.

ஆனால் அந்த விலக்கை எப்படிக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். நிலம் எது, எல்லை எது, எந்த வரி நீங்கியது, அந்த வருமானம் எந்தக் காரியத்துக்குப் போக வேண்டும் என்று எழுதினார்கள். பல ஊர்களில், ஒரு நிலத்துக்கு வரி நீங்கினால் அந்தச் சுமை ஊர்ச் சபையின் தலையில் விழும். ஆகவே நிலம் கொடுத்தவரே ஒரு தொகையை முன்கூட்டிச் சபையிடம் கட்டினார். சபை அதை முதலாக வைத்துக்கொண்டு வரியைத் தானே செலுத்தியது. இந்தத் தொகைக்கு "இறைத்திரவியம்" என்று பெயரே இருந்தது. ஒருவனுக்கு வரி நீங்கினால் இன்னொருவன் அதைச் சுமக்கிறான் என்பதை நம் முன்னோர் மறைக்கவில்லை. கல்லிலேயே வெட்டினார்கள்.

போளூருக்கு அருகிலுள்ள திருமலையில், முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று. வைகாவூர்ப் பள்ளிச்சந்தமான அந்த மலைமேல் இருக்கும் குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு வணிகனின் மனைவி நந்தா விளக்குக்கு 20 காசும் திருவமுதுக்கு 10 காசும் கொடுத்ததைச் சொல்கிறது. மொத்தமாக 30 காசு என்று எழுதிவிட்டுப் போகவில்லை. விளக்குக்கு இவ்வளவு, அமுதுக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதினார்கள். ஆயிரம் வருஷம் கழித்தும் நாம் படித்துக் கணக்குக் கேட்கலாம்.

அரசனே வரியைத் தள்ளிய கதையும் உண்டு. முதலாம் குலோத்துங்கனுக்குச் "சுங்கம் தவிர்த்த சோழன்" என்று பெயர். வாணிபத்துக்கு அது நல்ல காலம். 1077-இல் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு வந்ததாகச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. ஆனால் அதே குலோத்துங்கன் 1086-இல் நாடு முழுவதும் நிலத்தை அளக்கச் செய்தான்; 1110 வாக்கில் மறுபடியும் அளக்கச் செய்தான். சுங்கத்தை விட்டவன் நிலவரிக் கணக்கை இறுக்கிப் பிடித்தான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரு பக்கம் பற்று எழுதியவன் மறுபக்கம் வரவையும் பார்த்தான்.

மதராஸ் கவர்னர் போட்ட சண்டை

இனி வெள்ளைக்காரன் காலத்துக்கு வருவோம். 1857 கிளர்ச்சியை அடக்கிய செலவில் கஜானா காலி. அதைச் சரிக்கட்ட லண்டனிலிருந்து ஜேம்ஸ் வில்சன் என்ற நிதி நிபுணரை அனுப்பினார்கள். எக்கனாமிஸ்ட் பத்திரிகையை நிறுவியவர் இவர்தான். 1860 பிப்ரவரியில் அவர் கல்கத்தாவில் வைத்த பட்ஜெட்டில்தான் இந்தியாவுக்கு வருமான வரி வந்தது. வருஷம் 200 ரூபாய் முதல் 500 ரூபாய் வரை வருமானத்துக்கு 2 சதவீதம். அதற்கு மேல் 4 சதவீதம்.

அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் சார்லஸ் டிரவெல்யன். "புது வரி வேண்டாம்; ராணுவச் செலவைக் குறையுங்கள், போதும்" என்று குறிப்பு எழுதினார். அதோடு விட்டாரா? அந்தக் குறிப்பைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். மேலிடம் பொறுக்குமா? அதே 1860-இல் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. வில்சனும் அந்த ஆகஸ்டிலேயே கல்கத்தாவில் காலமானார். வேடிக்கை என்னவென்றால், டிரவெல்யன் 1863-இல் நிதிப் பொறுப்பு உறுப்பினராகவே திரும்பி வந்தார். 1865-இல் அந்த வருமான வரி முடிவுக்கு வந்தது. பிறகு வந்து வந்து போய், 1886-இல் நிலையாக உட்கார்ந்தது.

வரியைக் குறை என்றவர் மக்கள் பக்கம் நின்றவர் என்று உடனே மாலை போட்டுவிடக் கூடாது. இதே டிரவெல்யன், 1845 முதல் நடந்த அயர்லாந்துப் பெரும் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் இருந்து நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்தவர் என்று இன்றும் பழிக்கப்படுகிறார். சென்னையில் செலவைக் குறை என்றது ராணுவத்தை. அயர்லாந்தில் குறைத்தது பசித்தவன் சோற்றை. "செலவைக் குறை" என்று யாராவது சொன்னால், எந்தச் செலவை என்று கேட்டாக வேண்டும்.

பஞ்சத்துக்கு என்று வாங்கிய வரி

அதற்குப் பதில் சொன்னது 1876-78 பஞ்சம். சென்னை மாகாணத்தில் மாண்டவர் பல லட்சம். வட ஆர்க்காடு, சேலம் பக்கத்துக் கிழவர்கள் "தாது வருஷப் பஞ்சம்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். வைஸ்ராய் லிட்டன், சென்னை அரசு அதிகம் செலவழிக்கிறது என்று கருதி, 1877-இல் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். இந்த டெம்பிள் 1873-74-இல் பீகார்ப் பஞ்சத்தில் பர்மா அரிசியை இறக்கிப் பல உயிர்களைக் காத்தவர். அதற்கு அவருக்குக் கிடைத்த பரிசு, "ஊதாரி" என்ற வசவு. அந்தக் கெட்ட பெயரைப் போக்கிக்கொள்ளவோ என்னவோ, சென்னையில் நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று வெட்டினார். சென்னை சுகாதார கமிஷனர் கார்னிஷ் இது உயிர் வாழப் போதாது என்று எதிர்த்து எழுதினார். பிறகே கூலி கொஞ்சம் ஏறியது.

அந்தப் பஞ்ச நிவாரணச் செலவு வெறுமனே கரைந்துவிடவும் இல்லை. சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பக்கிங்காம் கால்வாய்த் துண்டு அந்தக் கூலிக்காரர்கள் வெட்டியதுதான்.

அடுத்தது நம் வியாபாரிகள் சங்கதி. இனிப் பஞ்சம் வந்தால் சமாளிக்க வருஷம் ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்குவோம் என்று நிதி உறுப்பினர் ஜான் ஸ்ட்ரேச்சி திட்டமிட்டார். அதற்காக 1878-இல் வியாபாரிகள் மேல் லைசென்ஸ் வரி போட்டார்கள். சூரத்தில் கடையடைப்பு நடந்து கலவரமாகவே முடிந்தது. வரி வசூலானது. ஆனால் அதே 1878-இல் ஆப்கன் போர் வந்தது. பஞ்சத்துக்கு என்று வாங்கிய பணம் சொன்ன காரியத்துக்கு முழுதாகப் போகவில்லை. பிற்பாடு காங்கிரஸ் தலைவர்கள் இதை வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு பிடி இருந்தது: எதற்காக வாங்குகிறோம் என்று அரசே வாயால் சொல்லியிருந்தது. சொன்ன சொல் இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும்.

பாதி மருந்து

சுதந்திரத்துக்குப் பிறகு இந்த வழக்கில் நம் தமிழர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1947 நவம்பர் 26 அன்று முதல் பட்ஜெட்டை வாசித்தவர் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார். பத்து வருஷம் கழித்து டி.டி. கிருஷ்ணமாச்சாரி. அவருக்கு முன்னால் நிக்கோலஸ் கால்டார் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் 1956-இல் ஒரு அறிக்கை கொடுத்திருந்தார். சொத்து வரி, செலவு வரி, நன்கொடை வரி என்று பல வரிகளைப் போடுங்கள். கூடவே வருமான வரியின் உச்ச விகிதத்தை 45 சதவீதத்துக்கு இறக்குங்கள் என்பது அவர் சொன்ன வைத்தியம். 1957-இல் சொத்து வரியும் செலவு வரியும் வந்தன, அடுத்த வருஷம் நன்கொடை வரியும் வந்தது. உச்ச விகிதம் மட்டும் அவர் சொன்ன அளவுக்கு இறங்கவில்லை. வைத்தியர் சொன்ன இரண்டு மருந்தில் ஒன்றை மட்டும் சாப்பிட்ட கதை. செலவு வரியை 1962-இல் எடுத்தார்கள், 1964-இல் மறுபடி போட்டார்கள், 1966-இல் மறுபடி எடுத்தார்கள்.

உச்ச விகிதமோ ஏறி ஏறி 1973-74-இல் 97.75 சதவீதத்தில் நின்றது. மேல் படியில் நூறு ரூபாய் சம்பாதித்தால் கையில் நிற்பது இரண்டேகால் ரூபாய். யார் உண்மைக் கணக்கு எழுதுவார்கள்? அந்தக் காலத்துக் கடைத்தெருவில் இரண்டு நோட்டு வைத்துக்கொள்வது சகஜம் என்று மூத்த வியாபாரிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வரியை இவ்வளவு ஏற்றினால் ஏய்ப்புதான் வளரும் என்று வாஞ்சூ கமிட்டியும் 1971-லேயே சொல்லியிருந்தது. 1974-இல் 77 சதவீதமாகவும், சி. சுப்பிரமணியத்தின் 1976 பட்ஜெட்டில் 66 சதவீதமாகவும் இறங்கியது. வரிக் குறைப்புக் கட்சிக்காரர் வாதத்தில் உண்மை இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ஆனால் 97.75-லிருந்து 66-க்கு இறக்குவது வேறு. 30-லிருந்து 22-க்கு இறக்குவது வேறு. முதலாவது கழுத்தில் இறுகிய கயிற்றைத் தளர்த்துவது. இரண்டாவது ஒரு பேரம். பேரம் என்றால் நான் இவ்வளவு விடுகிறேன், நீ என்ன தருகிறாய் என்று இருக்க வேண்டும்.

சோறு போட்டவனிடம் கேட்ட கணக்கு

செலவுக் கட்சியின் கணக்கையும் பார்த்துவிடுவோம். பள்ளிக்கூடத்தில் மதிய உணவு என்பது 1920-இல் தியாகராயச் செட்டியார் காலத்துச் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. 1956-இல் காமராசர் அதை மாநிலத் திட்டம் ஆக்கினார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். "பணம் எங்கிருந்து வரும்?" என்ற கேள்வி ஒவ்வொரு தடவையும் கேட்கப்பட்டது. கேட்டதில் தப்பில்லை. சோற்றுச் செலவு பட்ஜெட்டில் வரி வரியாக இருந்தது. எத்தனை பிள்ளை, எத்தனை கிராம் அரிசி என்று பதிவேடு இருந்தது. அந்தத் திட்டம் தேறியது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தியா முழுதும் அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் சமைத்த உணவு போட உத்தரவிட்டது. இன்று தில்லிப் பிள்ளை தட்டில் சோறு விழுகிறது என்றால் அதன் வேர் சென்னையில் இருக்கிறது.

2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 2025 டிசம்பரில் அதன் இடத்தில் வேறு சட்டம் நிறைவேறிவிட்டது. அந்த இருபது வருஷத்தில் திருட்டு இல்லாமல் இல்லை, பொய் வருகைப் பதிவு இல்லாமல் இல்லை. ஆனால் அந்தத் திருட்டு வெளியே தெரிந்ததே கணக்கு இருந்ததால்தான். மண்வெட்டி பிடித்தவள் பெயர் பட்டியலில் இருந்தது. அவளுடைய கூலி பொதுச் சொத்தாக விவாதிக்கப்பட்டது.

2019-இல் விட்ட தொகை

2019 செப்டம்பர் 20. மதுரையில் பிறந்த நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் கோவாவில் ஒரு அறிவிப்பு வெளியிட்டார். மற்ற சலுகைகளை வேண்டாம் என்று விடும் உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு வரி 22 சதவீதம். மேல்வரி, தீர்வை எல்லாம் சேர்த்து 25.17. புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 சதவீதம். அரசுக்கு வருஷம் 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் குறையும் என்று அமைச்சரே சொன்னார். அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 1,921 புள்ளி ஏறியது. முதலீடும் வேலையும் பெருகும் என்பது சொல்லப்பட்ட நோக்கம்.

என்னைப் போன்ற கூட்டு வியாபார நிறுவனங்களுக்கு 30 சதவீதம் அப்படியே நின்றது. இதில் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் எரிச்சலை ஒதுக்கி வைத்துவிட்டுப் புள்ளிவிவரத்தைப் பார்ப்போம்.

கம்பெனி வரி வசூல் 2018-19-இல் சுமார் 6.63 லட்சம் கோடி. 2019-20-இல் 5.57 லட்சம் கோடி. மறு வருஷம் கொரோனா வந்து 4.58 லட்சம் கோடி. பிறகு ஏறி 2023-24-இல் 9.11 லட்சம் கோடி ஆனது. ஆக, கஜானா முழுகிப்போகவில்லை. ஆனால் அதே 2023-24-இல் தனி மனிதர்கள் கட்டிய வருமான வரி சுமார் 10.4 லட்சம் கோடி. கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து கட்டியதைவிடச் சம்பளக்காரரும் சிறு தொழில்காரரும் மற்றத் தனி ஆட்களும் கட்டியது அதிகம் ஆயிற்று. கல்வெட்டுக் காலத்து ஊர்ச்சபைக்குத் தெரிந்த உண்மைதான் இது. ஒருவனுக்கு நீங்கிய சுமை இன்னொருவன் தோளுக்கு வரும்.

சரி, வாக்களித்த வேலை வந்ததா? 2024 ஜூலையில் வெளியான அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே சொல்கிறது: 2020 நிதியாண்டிலிருந்து 2023 நிதியாண்டு வரை கம்பெனிகளின் லாபம் ஏறக்குறைய நாலு மடங்கு ஆனது, ஆள் எடுப்பதும் சம்பளமும் அந்த வேகத்தில் வளரவில்லை. லாபம் முழுதும் வரிக் குறைப்பால் வந்ததென்று நான் சொல்லவில்லை. கொரோனாவும் உலகச் சந்தையும் குறுக்கே வந்தன. ஆனால் எது எதனால் என்று பிரித்துச் சொல்லும் கணக்கை, சலுகை பெற்ற கம்பெனியிடம் யாரும் கேட்டு வாங்கவில்லை என்பதுதான் என் குறை.

ஒப்பிட்டுப் பாருங்கள். கொரோனா வருஷமான 2020-21-இல், ஊருக்குத் திரும்பிய கோடிக்கணக்கான ஜனங்களுக்கு ஊரக வேலைத் திட்டம் கஞ்சி ஊற்றியபோது, அதற்கு மத்திய அரசு செலவிட்டது சுமார் 1.11 லட்சம் கோடி. ஒரு வருஷ வரிக் குறைப்புக்குச் சொன்ன தொகை இதைவிட அதிகம். இதற்கு வருகைப் பதிவேடு, கிராம சபை, தணிக்கை. அதற்கு? ஒரு நாள் பத்திரிகைச் செய்தி.

நியாயமாகச் சொன்னால், அந்த 15 சதவீத விகிதத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். 2019 அக்டோபர் 1-க்குப் பிறகு தொடங்கிய கம்பெனி, 2024 மார்ச் 31-க்குள் உற்பத்தியைத் தொடங்க வேண்டும். அந்தக் கெடு முடிந்தும் போயிற்று. 22 சதவீதத்துக்கோ இத்தனை பேருக்கு வேலை, இவ்வளவு முதலீடு என்ற நிபந்தனையும் இல்லை, கெடுவும் இல்லை.

தள்ளுபடியின் தர்மம்

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சில்லறைக் கடைக்காரர் வருஷத்துக்கு இத்தனை டன் சரக்கு எடுத்தால் இத்தனை சதவீதம் தள்ளுபடி. முதல் நாளே கொடுத்துவிட மாட்டோம். தீபாவளிக்குப் பிறகு பேரேட்டைத் திறந்து, எடுத்த சரக்கைக் கூட்டிப் பார்த்துத்தான் பற்று எழுதுவோம். எடுக்காதவருக்குத் தள்ளுபடி கிடையாது. இதில் மனஸ்தாபமும் கிடையாது.

2025 செப்டம்பர் 22-இல் சமையல் பாத்திரத்துக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. அன்றைக்கே தவலை வாங்க வந்த அம்மா ஒருத்தர் பில்லைக் கையில் வாங்கி, "ஏழு சதவீதம் குறைஞ்சிருக்கா, காட்டுங்க பைய்யா" என்று கேட்டுத்தான் பணம் கொடுத்தார். சரியான கேள்வி. காட்டினேன். ஒரு தவலைக்கு நாட்டின் சாதாரணப் பிரஜை கேட்கும் இந்தக் கேள்வியை, ஒன்றரை லட்சம் கோடிக்கு நாடாளுமன்றம் வருஷா வருஷம் கேட்க வேண்டாமா?

வள்ளுவர் அரசின் வேலையை நாலாகச் சொன்னார். பொருள் வரும் வழியை உண்டாக்குவது, சேர்ப்பது, காப்பது, அளந்து பகிர்வது. வரிக் குறைப்புக் கட்சி முதல் வேலையைப் பேசுகிறது. செலவுக் கட்சி கடைசி வேலையைப் பேசுகிறது. நடுவில் உள்ள காப்பது என்ற வேலைதான் கணக்கு. அது இரு கட்சிக்கும் பொது.

ஆகவே எந்த வரியையும் குறைக்கும் முன் மூன்று விஷயம் எழுதப்பட வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. எவ்வளவு விடுகிறோம், எதற்காக விடுகிறோம், எத்தனை வருஷத்துக்கு விடுகிறோம். கெடு முடிந்ததும், சொன்னது நடந்ததா என்று அறிக்கை வைக்க வேண்டும். நடந்திருந்தால் தாராளமாக நீட்டிக்கலாம்; நானே கை தட்டுவேன். கல்லில் வெட்ட வேண்டாம், காகிதத்தில் இருந்தால் போதும். சத்துணவுக் கூடத்தில் அரிசி அளந்து போடும் ஆயாவிடம் நாம் கேட்கும் கணக்குக்கு மேல் ஒன்றும் நான் கேட்கவில்லை.